பிரெஞ்சு வினையில் அசை தப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

வினைமாற்றுப் பட்டியலைப் பிழையின்றி எழுதிக் காட்டுகிறவர்கள்கூட வாய்விட்டுப் படிக்கும்போது தடுமாறுகிறார்கள். தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வருகிறது: ஒரு வினை வடிவத்தில் எத்தனை அசை இருக்கிறது, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது. இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றே. நாம் பிரெஞ்சைக் காதால் எண்ணாமல் கண்ணால் எண்ணுகிறோம். பிரெஞ்சு எழுத்து முறையோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதிர்ந்துபோன ஒலிகளையும் விடாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் சில குறிப்புகள். இங்கே ‘அசை’ என்று சொல்வது யாப்பிலக்கண அசையை அன்று. நிரையசையில் இரண்டு உயிர்கள் இருக்கும். இங்கே ஓர் உயிர் ஒலித்தால் ஓர் அசை, அவ்வளவுதான். பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், அசைகளைச் சிறு கோட்டால் பிரித்திருக்கிறேன். எகரக் குறில் வரும் இடமெல்லாம் பிரெஞ்சின் ‘ஊமை எகரம்’, அதாவது மேற்குறி எதுவும் இல்லாத ‘ஈ’ (e) என்ற ரோமன் எழுத்தின் மங்கலான ஒலி. முழுமையாக ஒலிக்கும் எகர வகைகளை எல்லாம் ஏகார நெடிலால் எழுதுகிறேன். திறந்த ஏ, மூடிய ஏ என்ற வேறுபாடு அசைக் கணக்கைப் பாதிக்காது. அசையின் இறுதியில் வரும் ‘ங்’ மூக்கொலி உயிருக்கான குறி மட்டுமே, அதை மெய்யாக ஒலிக்கக் கூடாது. ‘ச’ அதிராத ஒலி, ‘ஸ’ தொண்டை அதிரும் ஒலி. ‘த்யு’, ‘ச்யு’ போன்றவற்றில் உள்ள ‘யு’, உதட்டை உகரத்துக்குக் குவித்து நாக்கை இகரத்தில் வைத்துச் சொல்லும் உயிர்.

அடிப்படை விதிகள் மூன்றே. காதில் எத்தனை உயிர் விழுகிறதோ அத்தனை அசை. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும், ஆனால் வல்லொலிக்குப் பின் ‘ல’ அல்லது ‘ர’ வந்தால் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும். அதனால்தான் ‘பேசு’ என்னும் வினை பார்-லே என்று பிரிகிறது, ‘காட்டு’ என்னும் வினை மோங்-த்ரே என்று பிரிகிறது. அழுத்தம் கடைசியாக ஒலிக்கும் முழு உயிரின்மேல் விழும். பிரெஞ்சு அழுத்தம் என்பது உரத்துச் சொல்வதன்று, அந்த உயிரைச் சற்று நீட்டுவது. இதை மறந்துவிட்டுக் கடைசி அசையில் குரலை உயர்த்திக் கத்துகிறவர்கள் பலர்.

இனி அறிகுறிகள்.

அறிகுறி: எண்ணிக்கையில் ஓர் அசை கூடிவிடுகிறது

‘ஜெ பார்ல்’ என்றால் நான் பேசுகிறேன். ‘த்யு பார்ல்’ நீ பேசுகிறாய், ‘ஈல் பார்ல்’ அவன் பேசுகிறான், மீண்டும் ‘ஈல் பார்ல்’ அவர்கள் பேசுகிறார்கள். எழுத்தில் இந்த வினையின் ஈறு முறையே ஈ, ஈ.எஸ்., ஈ, ஈ.என்.டி. என்று இருக்கும். ஒலியில் நான்கும் ஒன்றே, நான்கிலும் வினைக்கு ஓர் அசைதான். நீங்கள் பார்-லெ என்றோ, பார்-லாங் என்றோ, பார்-லு என்றோ சொன்னால் ஓர் அசை கூடியிருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எனவே மருந்தும் வேறு.

பார்-லாங் என்று வந்தால் குற்றவாளி உங்கள் கண். ஈ.என்.டி. என்ற எழுத்துக் கூட்டம் பெயர்ச்சொல்லிலும் வினையடையிலும் ‘ஆங்’ என்று ஒலிக்கும், படர்க்கைப் பன்மை வினையீறாக வரும்போது ஒலிக்கவே ஒலிக்காது. பிரெஞ்சுப் பள்ளிகளில் இதற்காகவே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுப்பார்கள்: ‘லே பூல் த்யு கூ-வாங் கூவ்.’ கன்னியர் மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று பொருள். மடம் என்ற பெயரும் அடைகாக்கின்றன என்ற வினையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பெயரில் இரண்டு அசை, வினையில் ஒன்று. ஆகவே படிப்பதற்கு முன் இது பெயரா வினையா என்று கேட்டாக வேண்டும்.

இதற்கு நேரெதிர்ப் பொறி ஒன்றும் உண்டு. ‘அவன் வருகிறான்’ என்பதும் எழுத்தில் ஈ.என்.டி.யில்தான் முடிகிறது, ஆனால் அது ஒருமை. அங்கே ‘என்’ என்ற எழுத்து பகுதியைச் சேர்ந்தது, ஈறன்று. அதனால் மூக்கொலி உண்டு: ஈல் வ்யேங். பன்மையில் ஈல் வ்யேன், இங்கே ன் நன்றாகவே கேட்கும். விதியை அரைகுறையாகக் கற்றவர்கள் ஒருமை வடிவத்தின் மூக்கொலியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள்.

பார்-லு என்று வந்தால் குற்றவாளி தமிழ் நாக்கு. மெய்யில் முடியும் அயற்சொல்லுக்கு உகரம் ஒட்டுவது நம் பழக்கம், பஸ்ஸும் பேச்சில் பஸ்ஸு ஆகிவிடுகிறது. எழுதும்போது கவனமாக இருக்கிறவர்களும் பேசும்போது இதைக் கவனிப்பதில்லை. சோதனை எளிது. பார்ல் என்று சொல்லி முடித்ததும் நாக்கு நுனியை ஈற்றில் ஒட்டியபடியே ஒரு நொடி வைத்திருங்கள். நாக்கு தானாகப் பிரிந்து ஓர் உயிர் வெளியே வந்தால் அதுதான் கூடுதல் அசை. ஒரு வாரம் வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் பலன் தெரியும்.

பார்-லெ என்று வந்தால் அது பிழை என்று சொல்வதற்கில்லை. பாட்டிலும் கவிதையிலும் தெற்கு பிரான்சிலும் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டுவிட வேண்டாம். அசையைக் குறைக்கிறேன் என்று ல் ஒலியையும் சேர்த்து விட்டுவிட்டால் ‘ஈல் பார்’ ஆகிவிடும், அது ‘புறப்படுகிறான்’ என்ற வேறு வினை. அந்த வினையின் பன்மை ‘ஈல் பார்த்’. ஒருவன் போகிறானா பலர் போகிறார்களா என்பதை அந்த ஒரு த் மட்டுமே சொல்கிறது. பிரெஞ்சு வினையில் இறுதி உயிர் உதிர்ந்தாலும், அந்த உயிருக்கு முன்னால் நின்ற மெய் உதிராது.

ஈற்றில் ஏ.ஐ.ஈ.என்.டி. என்று ஐந்து எழுத்து வரும் தொடர் இறந்தகாலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்பது பார்-லே, இரண்டே அசை. ஒருமை வடிவங்களும் அதே ஒலிதான்.

அறிகுறி: எதிர்கால வடிவம் சில வினைகளில் இரண்டு அசை, சில வினைகளில் மூன்று

இது உங்கள் பிழை அன்று, மொழியே அப்படித்தான். ‘கொடுப்பேன்’ என்பது எழுத்தில் மூன்று அசையாகத் தெரியும், பேச்சில் தோன்-ரே, இரண்டு அசை. ‘பேசுவேன்’ பேச்சிலும் பார்-லெ-ரே, மூன்று அசை. எழுத்தில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. வேறுபாடு ஊமை எகரத்துக்கு முன்னால் எத்தனை மெய் ஒலிக்கிறது என்பதில் இருக்கிறது. ‘கொடு’ வினையில் ன் மட்டும்தான், எழுத்தில் இரட்டித்து இருந்தாலும் ஒலி ஒன்றே. ‘பேசு’ வினையில் ர், ல் என இரண்டு. முன்னால் ஒரு மெய் என்றால் ஊமை எகரம் உதிரலாம். இரண்டு மெய் என்றால் நிற்கும், ஏனெனில் அது உதிர்ந்தால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும். மொழியியலாளர் மோரீஸ் க்ராமோங் இதற்கு ‘மூன்று மெய் விதி’ என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதில் பல விலக்குகளைக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கற்பவருக்கு இன்றும் அதைவிட நல்ல கைகாட்டி இல்லை.

விதியை ‘காட்டுவேன்’ என்ற வடிவத்தில் வைத்துப் பாருங்கள்: மோங்-த்ரெ-ரே, மூன்று அசை, எகரம் நிற்கிறது. ‘நேசிப்பேன்’ ஏம்-ரே, இரண்டு, எகரம் உதிர்கிறது. ‘தேடுவேன்’ ஷேர்-ஷெ-ரே, மூன்று.

இதற்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது, பாடநூல்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ‘கொடுப்போம்’ என்பது நூ தோன்-ரோங், வினையில் இரண்டு அசை. ‘கொடுப்போமே’ என்ற நிபந்தனைப் பொருளில் வரும் வடிவமோ நூ தோ-னெ-ர்யோங், மூன்று அசை. எகரத்துக்கு முன்னால் ஒரு மெய்தான் இருக்கிறது, ஆனாலும் அது உதிரவில்லை. காரணம் பின்னால் இருக்கிறது: அங்கே ர், ய் என இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதால் எகரம் போனால் நாக்கு திணறும். ‘இருப்பீர்கள்’ என்பதில் செ-ரே என்பதன் எகரத்தைப் பேச்சில் தாராளமாக விழுங்குவார்கள், ‘இருப்போமே’ என்பதில் செ-ர்யோங் என்று முழுதாகச் சொல்வார்கள். ஆக, இவ்வகை வினைகளில் நூ (நாம்), வூ (நீங்கள்) என்ற இரண்டு இடங்களிலும் எதிர்காலத்தையும் நிபந்தனையையும் பிரித்தறியச் செவிக்கு இரண்டு தடயங்கள் கிடைக்கின்றன: யகரம் ஒன்று, கூடுதல் அசை ஒன்று. வேகமான பேச்சில் யகரத்தைத் தவறவிட்டாலும் அசையைத் தவறவிட மாட்டீர்கள்.

ஊமை எகரத்துக்கு முன்னால் மெய்க்குப் பதில் உயிர் இருந்தால் விவாதமே இல்லை, அது எப்போதும் மௌனம். ‘விளையாடுவேன்’ ஜூ-ரே. ‘கத்துவேன்’ க்ரி-ரே. ‘மறப்பேன்’ ஊ-ப்லி-ரே. இங்கெல்லாம் நடுவில் ஓர் எகரத்தை நுழைத்தால் அது தெளிவான பிழை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? மெய்க்குப் பின் உள்ள எகரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தோ-னெ-ரே என்று மூன்று அசையாகச் சொன்னால் கொஞ்சம் நிதானமாக, மேடையில் பேசுவது போல இருக்கும், பிழையாகாது. ஆனால் பார்ல்-ரே என்று உதிர்த்தால் கேட்கிறவர் முகம் சுளிப்பார். பாரிஸ்காரர்கள் மாதிரிப் பேச வேண்டும் என்ற ஆசையில் எல்லா எகரத்தையும் விழுங்குவது, விழுங்காமல் இருப்பதைவிட மோசமான விளைவையே தரும்.

இந்தத் தலைப்பின்கீழ் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டிய வினை ஒன்று உண்டு. ‘செய்கிறோம்’ என்பதில் முதல் அசை எழுத்தில் ஏ.ஐ. என்று இருக்கும், முழு ஏகாரம் போலத் தெரியும். ஒலி ஊமை எகரம்தான்: ஃபெ-ஸோங். தொடர் இறந்தகாலத்திலும் அப்படியே, ஃபெ-ஸே. இதற்கு விதி தேட வேண்டாம், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே ஈறு, ஆனால் ஒரு வினையில் ஓர் அசை, இன்னொன்றில் இரண்டு

‘கட்டு’ என்ற பொருள் உடைய வினை ல்யே, ஓர் அசை. ‘கத்து’ என்னும் வினை க்ரி-யே, இரண்டு அசை. எழுத்தில் இரண்டிலும் ஐ, அதற்குப் பின் அதே ஈறு. இகரமோ ஊகாரமோ இன்னோர் உயிருக்கு முன்னால் வந்தால், பிரெஞ்சில் அது பொதுவாக ய் அல்லது வ் ஆகச் சுருங்கி அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும். ‘விளையாடு’ ஜ்வே ஆவது இப்படித்தான். ஆனால் அதற்கு முன்னால் ஏற்கெனவே வல்லொலியும் ல், ர்-உம் சேர்ந்த கூட்டு நின்றால் சுருங்க இடமில்லை, தனி அசையாகவே நிற்கும். க்ரி-யே, ஊ-ப்லி-யே (மறத்தல்), க்லூ-ஏ (ஆணியடித்தல்), த்ரூ-ஏ (துளையிடுதல்) எல்லாம் இந்த வகை.

அன்றாடப் பேச்சில் இந்த விதி அதிகம் கடிப்பது வினைப்பகுதியில் அன்று, ஈற்றில். ‘பேசிக்கொண்டிருந்தோம்’ பார்-ல்யோங், இரண்டு அசை. ‘காட்டிக்கொண்டிருந்தோம்’ மோங்-த்ரி-யோங், மூன்று அசை. கடையிலும் அலுவலகத்திலும் மரியாதையாகக் கேட்கும் ‘விரும்புவீர்களா’ என்ற வடிவம் வூ-த்ரி-யே, மூன்று அசை. அதை வூத்-ர்யே என்று நெருக்கிச் சொல்ல முயன்று நாக்கைச் சுளுக்கிக்கொள்கிறவர்கள் நிம்மதியாக ஓர் அசை கூட்டிக்கொள்ளலாம்.

விலக்கு ஒன்று: ஓ.ஐ. என்று எழுதி ‘வா’ என்று ஒலிக்கும் கூட்டு எந்த மெய்க்கூட்டுக்குப் பின்னும் பிரியாது. ‘நம்புகிறேன்’ க்ர்வா, ஓர் அசைதான். பெல்ஜியத்தில் ல்யே என்பதை லி-யே என்று இரண்டாகப் பிரித்துச் சொல்பவர்களைக் கேட்டால் குழம்ப வேண்டாம், அது அவர்கள் பக்கத்து வழக்கு.

அறிகுறி: வினைப்பகுதியே உருமாறுகிறது, எப்போது என்று பிடிபடவில்லை

பட்டியலை உருப்போட்டுக் களைத்தவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒழுங்கற்ற வினை என்று ஒதுக்கி வைத்திருக்கும் பாதி விஷயங்கள் அழுத்தத்தின் கணக்குதான்.

‘வாங்கு’ என்னும் வினை ஆஷ்-தே. ‘வாங்குகிறோம்’ நூ-ஸாஷ்-தோங். ‘வாங்குகிறேன்’ ஜா-ஷேத். முதல் இரண்டிலும் நடுவில் இருந்த ஊமை எகரம் உதிர்ந்துவிட்டது, மூன்றாவதில் அது முழு ஏகாரமாக எழுந்து நிற்கிறது. ஏன்? ஊமை எகரம் அழுத்தத்தைத் தாங்காது. ‘வாங்குகிறோம்’ என்பதில் ஈறு ஒலிப்பதால் அழுத்தம் ஈற்றுக்குப் போய்விடுகிறது, எகரத்துக்குச் சுமை இல்லை. ‘வாங்குகிறேன்’ என்பதில் ஈறு மௌனம். அழுத்தம் பின்வாங்கிப் பகுதியின் கடைசி உயிர்மேல் வந்து விழுகிறது. அங்கே இருக்கும் ஊமை எகரம் ஒன்று முழு உயிராக வேண்டும், வேறு வழியில்லை.

இந்த முழு உயிரை எழுத்தில் காட்டப் பிரெஞ்சு இரண்டு உத்திகளைக் கையாள்கிறது. சில வினைகளில் எகரத்தின்மேல் சாய்கோடு இடும், ‘தூக்குகிறேன்’ லேவ் அப்படி. சிலவற்றில் பின்னால் வரும் மெய்யை இரட்டிக்கும், ‘அழைக்கிறேன்’ ஆ-பேல், ‘எறிகிறேன்’ ஜேத் ஆகியவை அப்படி. ஒலிக்கு இரண்டும் ஒன்றே. 1990 எழுத்துச் சீர்திருத்தம், எல், டி எழுத்துகளில் முடியும் இவ்வகைப் பகுதிகளில் ‘அழை’, ‘எறி’ என்ற இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் மட்டும் இரட்டிப்போடு விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சாய்கோட்டையே பொதுவாக்கப் பரிந்துரைத்தது. பழைய நூல்களிலும் புதிய நூல்களிலும் வேறு வேறு எழுத்து இருந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

எதிர்காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு இடிப்பது போலத் தோன்றும். ‘வாங்குவேன்’ ஜா-ஷேத்-ரே. அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விட்டது, ஆனாலும் நடுவில் முழு ஏகாரம் நிற்கிறது. காரணம், அதற்கு அடுத்து எழுத்தில் இன்னோர் ஊமை எகரம் இருக்கிறது. ஒரே வினைப்பகுதியில் இரண்டு ஊமை எகரம் அடுத்தடுத்து நிற்பதைத் தவிர்க்க முன்னதை முழு உயிர் ஆக்கிவிடுகிறார்கள்.

அடுத்து, ‘வேண்டும், கடமை’ என்ற பொருளில் வரும் வினை. ஜெ த்வா, த்யு த்வா, ஈல் த்வா, நூ தெ-வோங், வூ தெ-வே, ஈல் த்வாவ். ஆறு வடிவங்களில் நான்கு ஒரு பக்கம், இரண்டு மறு பக்கம். ‘வா’ என்னும் வினையிலும் அதே பிரிவினை: வ்யேங், வ்யேங், வ்யேங், வெ-னோங், வெ-னே, வ்யேன். ‘பெறு’ என்னும் வினை: ரெ-ச்வா, ஆனால் ரெ-செ-வோங். ‘பிடி’: த்யேங், ஆனால் தெ-னோங். எல்லாவற்றிலும் நூ, வூ இரண்டும் தனித்து நிற்கின்றன.

இது லத்தீனிலிருந்து வந்த சொத்து. லத்தீனில் ‘கடமைப்பட்டிருக்கிறான்’ என்பது தேபெத், அழுத்தம் பகுதியின்மேல். ‘கடமைப்பட்டிருக்கிறோம்’ தேபேமுஸ், அழுத்தம் நடுவில், அதாவது பகுதிக்குப் பின்னால் உள்ள அசையின்மேல். லத்தீன் பிரெஞ்சாக மாறிய நூற்றாண்டுகளில் அழுத்தம் பெற்ற உயிர் நீண்டு இரண்டாகப் பிளந்தது, அழுத்தம் பெறாத உயிர் மங்கித் தேய்ந்தது. பிளந்தவைதான் இன்று நாம் கேட்கும் த்வா, வ்யேங், த்யேங். தேய்ந்தவைதான் தெ, வெ, தெ. அழுத்தத்துக்குப் பின்னால் இருந்த ஈறுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோனதால், எங்கே அழுத்தம் இருந்ததோ அதுவே இன்று சொல்லின் கடைசி அசை ஆகிவிட்டது. பிரெஞ்சில் அழுத்தம் ஏன் எப்போதும் இறுதியில் என்ற கேள்விக்கும் இதுவே விடை.

ஒரு காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பல வினைகளில் இருந்தது. ‘நேசி’ என்னும் வினை பழைய பிரெஞ்சில் தன்மை ஒருமையில் ஒரு பகுதியும் பன்மையில் ‘ஆ-மோங்’ என்று வேறு பகுதியும் கொண்டிருந்தது. பின்னால் எல்லாம் ‘ஏம்’ என்று சமப்பட்டுவிட்டது. அதிகம் புழங்கும் வினைகள் மட்டும் சமப்படாமல் பிடிவாதமாக நின்றுவிட்டன.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வூ வடிவத்தின் மூன்று முரடர்களும் அடங்கிவிடுகிறார்கள். எல்லா வினையும் ஏகாரத்தில் முடிய, ‘இருக்கிறீர்கள்’ ஏத், ‘செய்கிறீர்கள்’ ஃபேத், ‘சொல்கிறீர்கள்’ தீத் என்று இவை மட்டும் மெய்யில் முடிகின்றன. இந்த மூன்றிலும் லத்தீனிலேயே அழுத்தம் பகுதியின்மேல் இருந்தது, ஆகவே ஈறுதான் தேய்ந்தது. நூ வடிவத்தில் ‘இருக்கிறோம்’ சோம் என்பதும் இதே குடும்பம்.

பிழையைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். ‘நூ த்வா-வோங்’ என்றோ ‘ஈல் தெவ்’ என்றோ வாயில் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: பகுதிக்குப் பின்னால் ஓர் உயிர் ஒலிக்கிறதா? ஒலித்தால் மங்கிய பகுதி, ஒலிக்காவிட்டால் முழுப் பகுதி. தொடர் இறந்தகாலத்தில் ஈறு எப்போதும் ஒலிக்கும், ஆகவே ஆறு வடிவங்களிலும் தெ-வே, தெ-வ்யோங் என்று மங்கிய பகுதிதான். இந்த ஒரு கேள்வி பட்டியலில் பாதியை மனப்பாடம் செய்யும் வேலையை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: தனி வினை சரியாக வருகிறது, வாக்கியத்தில் போட்டால் செயற்கையாக இருக்கிறது

பிரெஞ்சில் சொல்லுக்கு அழுத்தம் கிடையாது, சொற்கூட்டத்துக்குத்தான் உண்டு. ‘ஜெ பார்ல்’ என்று நிறுத்தினால் பார்ல் நீளும். ‘ஜெ பார்ல் வீத்’ (வேகமாகப் பேசுகிறேன்) என்றால் வீத் நீளும், பார்ல் சாதாரணமாகிவிடும். ‘ஜெ னெ பார்ல் பா’ (நான் பேசுவதில்லை) என்றால் பா நீளும். வினைக்கு வினை அழுத்தம் கொடுத்துப் படிக்கிறவர்களின் பிரெஞ்சு, தந்தி வாசகம் போல் துண்டு துண்டாக விழுவது இதனால்தான்.

இங்கே நம்மைக் கெடுப்பது தமிழன்று, இடையில் நாம் கற்ற ஆங்கிலம். தமிழில் அழுத்தம் சொற்பொருளை மாற்றுவதில்லை. ஆகவே நமக்கு இயல்பாகவே அசைகளைச் சமமாகச் சொல்ல வரும். ஆங்கிலம் அதைக் கலைத்து, ஓர் அசையை ஓங்கி மற்றவற்றை மங்கச் செய்யும் பழக்கத்தைப் புகுத்திவிட்டது. ‘தயாரிக்கிறோம்’ ப்ரே-பா-ரோங் என்பதில் முதல் இரண்டு உயிர்களும் முழுதாகக் கேட்க வேண்டும். ப்ரி-ப-ரோங் என்று தேய்ந்தால் ஆங்கிலம் உள்ளே புகுந்துவிட்டது என்று அறியலாம். தமிழ்ச் செய்யுளை ஒப்பிக்கும் நாக்கோடு பிரெஞ்சைப் படியுங்கள், பாதி சரியாகிவிடும்.

ஏவல் வடிவங்களில் அழுத்தம் நகர்வது கண்கூடு. ‘பார்’ என்பது ரெ-கார்த், அழுத்தம் கார்த் மேல். ‘என்னைப் பார்’ ரெ-கார்-தெ-ம்வா, அழுத்தம் ம்வா மேல். முன்பு உதிர்ந்திருந்த எகரம் இங்கே திரும்பி வந்துவிட்டதையும் கவனியுங்கள், மூன்று மெய் விதிதான் காரணம். ‘கொடு’ தோன். ‘அதைக் கொடு’ தோன்-லெ. ஊமை எகரம் அழுத்தத்தைத் தாங்காது என்று மேலே சொன்னதற்கு விலக்கு இது: ஏவலுக்குப் பின் கடைசியில் வரும் ‘லெ’ அழுத்தம் பெறும், கொஞ்சம் உருண்டையாகவும் ஒலிக்கும். ‘அதை எனக்குக் கொடு’ தோன்-லெ-ம்வா என்றதும் அழுத்தம் ம்வா மேல் போய்விட, லெ பழையபடி மங்கிவிடும்.

தன்மை ஒருமையில் வினையையும் எழுவாயையும் இடம் மாற்றிக் கேள்வி கேட்பது இன்று அரிதாகிவிட்டது, ஆனால் புத்தகங்களில் பார்லேஜ் போன்ற வடிவங்கள் கண்ணில் படும். அங்கே ஈற்று எகரத்தின்மேல் திடீரென ஒரு குறி ஏன் முளைக்கிறது? பின்னால் ஒட்டிய ‘ஜெ’ மௌனமாகிவிடுவதால் அழுத்தம் வினையின் ஈற்று எகரத்தின்மேல் விழுகிறது, அது ஊமையாக இருக்க முடியாது. மீண்டும் அதே கணக்கு.

கோபத்திலோ வியப்பிலோ பேசும் பிரெஞ்சுக்காரர் ‘வெறுக்கிறேன்’ என்பதில் முதல் அசையை ஓங்குவதைக் கேட்டு, அழுத்தம் அங்கே போலும் என்று முடிவு செய்ய வேண்டாம். அது உணர்ச்சிக்காகக் கூடுதலாக வைப்பது. கூட்டத்தின் இறுதியில் உள்ள நீட்சி அப்போதும் அங்கேயே இருக்கும்.

அறிகுறி: எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு வெட்டு கேட்கிறது

‘அவன் நேசிக்கிறான்’ என்பதை ஈல், ஏம் என்று பிரிக்காமல் ஈ-லேம் என்று அசை பிரிக்க வேண்டும். மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவது நமக்குப் புதிதன்று, ‘அவன் இங்கே’ என்பதை ‘அவனிங்கே’ என்று சொல்லும் வாய்க்கு இது எளிது. பன்மையில் மௌனமாக இருந்த எஸ் எழுத்து விழித்துக்கொள்ளும்: ஈல்-ஸேம். ‘வந்து சேர்கிறான்’ ஈ-லா-ரீவ், ‘வந்து சேர்கிறார்கள்’ ஈல்-ஸா-ரீவ். பன்மை என்பதற்கு அந்த ஸ் ஒன்றே சாட்சி. ‘ஈல்-ஸோங்’ அவர்களிடம் இருக்கிறது, ‘ஈல் சோங்’ அவர்கள் இருக்கிறார்கள், இவற்றைக் குழப்பினால் பொருளே மாறும்.

அகராதியிலும் அச்சிலும் வரியிறுதியில் சொல்லை வெட்டும் முறையைப் பார்த்து அசை பிரிக்க வேண்டாம். இரட்டித்த மெய்யை அச்சில் நடுவே வெட்டுவார்கள், ஒலியில் ஒரு மெய்தான், அது அடுத்த அசைக்கே போகும்: தோ-னே.

அறிகுறி: கவிதையில் எண்ணினால் அடி பொருந்தவில்லை

பேச்சுக் கணக்கை மரபுக் கவிதைக்குக் கொண்டுபோனால் பொருந்தாது. அங்கே ஊமை எகரம், அடுத்து மெய் வந்தால் எண்ணப்படும், உயிர் வந்தால் எண்ணப்படாது, அடியின் இறுதியில் எண்ணப்படாது. ரசீன் எழுதிய ‘ஆந்த்ரோமாக்’ நாடகத்தில் (1667) ஒரெஸ்த் பித்தேறிப் பேசும் புகழ்பெற்ற அடியை எடுத்துக்கொள்ளுங்கள்: பூர்-கீ-சோங்-சே-சேர்-பாங், கீ-சீ-ஃப்லெ-ச்யுர்-வோ-தேத். தலைகளின்மேல் சீறும் பாம்புகள். சீறுகின்றன என்ற வினை பேச்சில் ஓர் அசை, இங்கே சீ-ஃப்லெ என்று இரண்டு. அப்படி எண்ணினால்தான் இந்த அடிக்கு வேண்டிய பன்னிரண்டு அசை வரும். படர்க்கைப் பன்மையின் ஈ.என்.டி. ஈறு இப்படி உயிர்பெறும்போது அதிலுள்ள என், டி இரண்டும் மௌனமாகவே இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

தொடர் இறந்தகாலத்தின் ஐந்தெழுத்து ஈறு மட்டும் கவிதையிலும் ஓர் அசைதான். அதற்குள் இருக்கும் எகரத்தை எண்ணப் புறப்பட்டால் அடி நிச்சயம் நீண்டுவிடும்.

துலூஸ், மார்செய் பக்கத்துப் பேச்சைக் கேட்டால் இந்தக் கவிதைக் கணக்கு பாதி உயிரோடு இருப்பதைக் காணலாம். அங்கே ‘பேசுகிறான்’ என்பதைப் பார்-லெ என்று இரண்டு அசையாகச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அசை கூடினாலும் அழுத்தம் நகர்வதில்லை, அது பார் மேல்தான் இருக்கிறது. தமிழ் நாக்கின் பார்-லு இதனோடு ஒத்துப்போகும் என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். உகரத்தின் ஒலி வேறு, தெற்கத்தியர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.